உறைமேல் அச்சிட்ட கணக்கு

ஓர் இசைத்தட்டின் உறையில் வழக்கமாக என்ன இருக்கும்? பாடியவர் பெயர், பாட்டின் பெயர், கம்பெனியின் முத்திரை, ஒரு படம். 1978-ல் லண்டனில் வெளியான ஒரு சின்னத் தட்டின் உறையில் வேறொன்றும் இருந்தது. செலவுக் கணக்கு. கேம்பிரிட்ஜில் ஒரு ஸ்டூடியோவில் 14 மணி நேரம் ஒலிப்பதிவு, மாஸ்டர் டேப் உட்பட: 98 பவுண்டு. டேப்பிலிருந்து லாக்கர் தட்டு வெட்டுவதற்கு: 40 பவுண்டு. அந்த லாக்கருக்கு மின்முலாம் பூசி அச்சு எடுப்பதற்கு: 27 பவுண்டு. பிரதி 13 பென்ஸ் வீதம் 2,500 பிரதிகள் அழுத்துவதற்கு: 369 பவுண்டு 36 பென்ஸ். வெள்ளை லேபிளில் குத்த ஒரு ரப்பர் ஸ்டாம்பு: 8 பவுண்டு. ஒவ்வொரு வேலையும் எங்கே செய்யப்பட்டது என்று முகவரியும் உண்டு.

தட்டின் பெயர் 'ஸ்காங்க் ப்ளாக் போலோன்யா'. குழுவின் பெயர் ஸ்க்ரிட்டி போலிட்டி. இதுதான் அவர்களுடைய முதல் தட்டு. பங்க் இசையின் முதல் வேகம் அடங்கி, இனி என்ன செய்வது என்று பலரும் யோசித்துக்கொண்டிருந்த நேரம். பின்னால் வந்தவர்கள் அந்தக் கட்டத்துக்குப் போஸ்ட்-பங்க் என்று பெயர் வைத்தார்கள். குழுவின் மையத்தில் மூன்று பேர். பாடி, கிதார் வாசித்தவர் கிரீன் கார்ட்ஸைடு. பேஸ் கிதார் நயல் ஜின்க்ஸ். டிரம்ஸ் டாம் மோர்லி. கிரீனும் மோர்லியும் லீட்ஸ் பாலிடெக்னிக்கில் கலை மாணவர்கள். 1976 டிசம்பரில் அங்கே செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வந்து வாசித்தது. அடுத்த வருஷம் இவர்கள் குழு உருவாயிற்று. பிறகு லண்டனுக்கு வந்து, காம்டன் பகுதியில் ஆளில்லாமல் கிடந்த ஒரு வீட்டில் வாடகையில்லாமல் குடியேறினார்கள். வாசித்தவர்கள் மூன்று பேர்தான் என்றாலும் குழுவின் கூட்டங்களில் உட்கார்ந்து வாதிட்டவர்கள் இருபது பேர்வரை இருந்திருக்கிறார்கள். குழுவின் பெயர் கிராம்ஷியின் அரசியல் எழுத்துக்களைக் குறிக்கும் இத்தாலியச் சொற்றொடரைக் கொஞ்சம் திரித்து வைத்தது. தட்டை வெளியிட்ட செயின்ட் பாங்க்ராஸ் ரெக்கார்ட்ஸ் அவர்களே தொடங்கிய கம்பெனி. கம்பெனி என்றால் ஒரு பெயரும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்.

அந்த உறையைப் படமாகத்தான் பார்த்திருக்கிறேன். நான் வங்கியில் குமாஸ்தா. இப்போதெல்லாம் கூட்டலையும் கழித்தலையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் ஒரு பட்டியலில் எண்கள் வரிசையாக நின்றால் என் கை தானாகக் கூட்டிப் பார்க்கிறது. மொத்தம் 542 பவுண்டு 36 பென்ஸ். பிரதிக்கு 22 பென்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் 2,500-ஐ 13 பென்ஸால் பெருக்கினால் 325 பவுண்டுதான் வருகிறது, உறையில் 369.36 இருக்கிறது. 44 பவுண்டு 36 பென்ஸ் இடிக்கிறது. கணக்கு தப்பு என்று முதலில் நினைத்தேன். பிறகு, 1978-ல் பிரிட்டனில் மதிப்புக் கூட்டு வரி 8 சதவீதம் என்பது ஞாபகம் வந்தது. அந்த வரியை நீக்கிப் பார்த்தால் சில்லறை எதுவுமில்லாமல் சரியாக 342 பவுண்டு. அதை 2,500-ஆல் வகுத்தால் 13.68 பென்ஸ். ஆக, பின்னத்தை உதறிவிட்டு, வரியைச் சொல்லாமல், 13 பென்ஸ் என்று போட்டிருக்கிறார்கள் என்றே நான் கொள்கிறேன். கணக்கு நேராகிவிட்டது.

இந்தச் சின்ன அற்ப சந்தோஷத்தை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாற்பது வருஷங்களுக்கு மேல் கழித்து, வேறொரு தேசத்தில், அந்தக் குழுவுக்கும் அந்த ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவன் அவர்களுடைய கணக்கைத் தணிக்கை செய்ய முடிகிறது. தப்பு இருக்கிறதோ என்று சந்தேகப்பட முடிகிறது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவும் முடிகிறது. நேர்மை என்று நாம் பேசுவது பெரும்பாலும் மனசுக்குள் இருக்கும் ஒரு குணத்தைப் பற்றி. 'அவர் நேர்மையான கலைஞர்' என்கிறோம். எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, நண்பர்கள் சொல்லி. இந்த உறை அப்படி எந்த நம்பிக்கையையும் நம்மிடம் கேட்கவில்லை. சரிபார்த்துக்கொள் என்கிறது. தப்பே செய்யாதிருப்பது யாருக்கும் ஆகிற காரியமில்லை. தன் தப்பை இன்னொருவன் கண்டுபிடிக்க இடம் வைத்திருப்பது ஆகிற காரியம். நேர்மைக்கு இதைவிட உருப்படியான ஒரு வரையறை எனக்குத் தெரியவில்லை.

இது இவர்கள் கண்டுபிடித்த வழக்கம் என்று சொல்ல முடியாது. 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு நியூ ஹார்மோன்ஸ் என்ற சொந்த முத்திரையில் வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராச்' தட்டின் உறையில், ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது தடவை வாசித்தபோது பதிவானது என்று குறித்திருந்தார்கள். அதே வருஷம் டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் என்ற லண்டன் குழு, தட்டு போடுவதற்காகவே கூடி, தங்கள் முதல் தட்டை 500 பிரதிகள் வெளியிட்டது. அதற்கு 153 பவுண்டு செலவானதை அடுத்த தட்டின் உறையில் சொல்லி, உங்களாலும் முடியும் என்றது. ஸ்க்ரிட்டி போலிட்டி செய்தது அந்த மொத்தத் தொகையைப் பிரித்து, எந்த வேலைக்கு எவ்வளவு, எந்த இடத்தில் என்று அட்டவணை ஆக்கியது.

பெரிய கம்பெனிகளின் உறைகள் இதற்கு நேரெதிரான வேலையைச் செய்துவந்தன. தட்டு எங்கிருந்து வந்தது என்பதை மறைப்பதுதான் அந்த உறைகளின் அழகு. பாடகனின் முகம் இருளிலிருந்து எழுந்து வரும். அவனுக்கும் நமக்கும் நடுவே ஆலை, முலாம், வரி, லாரி, கடைக்காரன் கமிஷன் எதுவும் கிடையாது. சந்தைக்கு வந்த பண்டம் தன்னைச் செய்த உழைப்பை மறைத்துக்கொண்டு, தானே பிறந்ததுபோல நிற்கிறது என்று மார்க்ஸ் சொன்னதற்கு இசைத்தட்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கலை விஷயத்தில் இந்த மறைப்புக்கு இரட்டிப்பு பலம். செலவைப் பற்றிக் கேட்பது அங்கே வெறும் அறியாமை ஆகாது, ரசனைக் குறைவாகிவிடும். கோவிலில் கர்ப்பக்கிருஹத்துக்கு முன்னால் நின்றுகொண்டு எண்ணெய் என்ன விலை என்று கேட்பதுபோல.

அந்தத் தட்டின் மறுபக்கத்தில் இரண்டு பாட்டுகள். ஒன்றின் தலைப்பு வெறும் தேதி: 28/8/78. இன்னொன்றின் தலைப்பில்தான் என் கட்டுரை சிக்கிக்கொண்டிருக்கிறது: 'இஸ் அண்ட் ஆட் த வெஸ்டர்ன் வேர்ல்ட்'. இருக்கிறது என்பதும் இருக்க வேண்டும் என்பதும். தத்துவம் படித்தவர்களுக்கு இந்த ஜோடி உடனே டேவிட் ஹ்யூமை நினைவூட்டும். 1740-ல் வெளிவந்த தன் பெரிய நூலின் மூன்றாம் பகுதியில் ஹ்யூம் ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் போகிறார்: அறநூல் எழுதுகிறவர்கள் எல்லோரும் உலகம் இப்படி இருக்கிறது, மனிதன் இப்படி இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே வந்து, யாரும் கவனிக்காத ஓர் இடத்தில் 'ஆகவே இப்படி இருக்க வேண்டும்' என்று தாண்டிவிடுகிறார்கள், அந்தத் தாண்டலுக்கு அவர்கள் எந்த நியாயமும் தருவதில்லை. சின்னப் பத்திதான். அதற்குப் பின் வந்த அறவியல் முழுதும் அதற்குப் பதில் சொல்ல முயன்றுகொண்டிருக்கிறது.

உறைமேல் அச்சிட்ட கணக்கு அப்படி ஒரு தாண்டல்தானே? 14 மணி நேரத்துக்கு 98 பவுண்டு என்பது ஒரு தகவல். அது இருக்கிறது என்பதைச் சேர்ந்தது. அதை உறையில் அச்சிட்டவுடன், எதுவும் சொல்லாமலே, அது ஓர் ஏவலாகிவிடுகிறது: நீயும் செய். ஹ்யூம் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். ஒரு காரியத்துக்கு 542 பவுண்டு ஆகும் என்பதிலிருந்து அதை நான் செய்தாக வேண்டும் என்று எப்படி வரும்? முடியும் என்பது வேறு; வேண்டும் என்பது வேறு. என்னால் முடிகிற காரியங்களில் பெரும்பாலானவற்றை நான் செய்யாமலிருப்பதே உலகத்துக்கு நல்லது.

சரி. ஆனால் நடைமுறை வாழ்க்கையில் நாம் 'வேண்டும்' என்பதை எப்படித் தட்டிக்கழிக்கிறோம் என்று யோசித்துப் பார்க்கலாம். 'எனக்கு அது கடமையில்லை' என்று சொல்லித் தட்டிக்கழிப்பவன் அபூர்வம். அவன் ஒருவிதத்தில் தைரியசாலி. மற்றவர்கள் எல்லோரும் 'செய்ய வேண்டியதுதான், ஆனால் முடியாதே' என்கிறோம். அதற்கெல்லாம் பணம் வேண்டும், ஆள் வேண்டும், பெரிய இடத்துச் சிபாரிசு வேண்டும். கடமை என்ற பாரத்தை முடியாமை என்ற சுமைதாங்கிக் கல்லின்மேல் இறக்கி வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த உறை செய்தது அந்தக் கல்லை எடுத்துவிட்டது. அது யாருக்கும் புதுக் கடமை எதையும் விதிக்கவில்லை. ஒரு சாக்கைப் பறித்துக்கொண்டது, அவ்வளவுதான். சாக்குப் போன பிறகு ஒருவன் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். ஆனால் செய்யாவிட்டால், செய்ய விருப்பமில்லை என்று தன்னிடமாவது ஒப்புக்கொண்டாக வேண்டும். ஹ்யூமின் பள்ளத்தின்மேல் பாலம் கட்டுவது யாராலும் ஆகவில்லை. பள்ளத்தின் இந்தக் கரையில் நாம் ஒளிந்திருந்த புதரை வெட்டிவிட முடியும் என்று இந்த 8 பவுண்டு ரப்பர் ஸ்டாம்பு காட்டுகிறது.

தட்டின் முதல் பக்கமும் இந்தப் பள்ளத்தைப் பற்றியதுதான் என்று எனக்குப் படுகிறது. 'ஸ்காங்க்' ஜமைக்காவின் ரெக்கே இசையோடு சேர்ந்த ஆட்டம். 'ப்ளாக்' கிராம்ஷியின் வரலாற்றுக் கூட்டணி என்ற கருத்தை நினைவுபடுத்தும் சொல். போலோன்யா இத்தாலிய நகரம். அந்த நகரத்தின் நிர்வாகம் அப்போது இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கையில் இருந்தது. இடதுசாரி நிர்வாகத்துக்கு ஐரோப்பாவின் காட்சிப்பொருளாக அதைச் சொல்வார்கள். 1977 மார்ச் 11-ல் அங்கே ஃபிரான்செஸ்கோ லொருஸ்ஸோ என்ற மாணவரைக் கராபினியேரிகள் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் இரவு இளைஞர்கள் நடத்திய ரேடியோ ஆலிச்சே என்ற வானொலியைப் போலீஸ் புகுந்து மூடியது. தெருவில் கவச வண்டிகள் வந்தன. கவச வண்டிகளை அனுப்பியது ரோமின் அரசாங்கம். நகரசபையின் கட்சி கிளர்ச்சிக்காரர்கள் பக்கம் நிற்கவில்லை. 'வேண்டும்' என்று பேசியே வளர்ந்த கட்சி 'இருக்கிறது' என்பதன் காவலனாக நின்ற ஊர் அது. காம்டனின் பாழ்வீட்டில் கிராம்ஷியைப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது உறைத்ததில் ஆச்சரியமில்லை.

பாட்டு எப்படி என்று கேட்கலாம், கேட்க வேண்டும். சுமார் ஆறு நிமிஷம். ரெக்கேயிலிருந்து வந்த பேஸ் நிதானமாக நடக்கிறது. கிதார் அதன்மேல் பிராண்டுகிறது, ஒரு ராகத்தைத் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறது. கிரீனின் குரல் மட்டும் இந்த வறட்சிக்குப் பொருந்தாமல் இனிக்கிறது. டிரம்ஸ் சில இடங்களில் நம்மைக் காத்திருக்க வைக்கிறது. திறமைக் குறைவா, வேண்டுமென்று செய்ததா என்று தீர்மானிக்க முடியாத ஒரு தயக்கம் முழுதும் இருக்கிறது. எனக்கு அந்தத் தயக்கம் பிடித்திருக்கிறது. ஆனால் 14 மணி நேரத்தில் முடித்தார்கள் என்பதற்காக அது பிடித்திருக்கிறதா என்று என்னை நானே சந்தேகித்துக்கொள்கிறேன்.

இந்தச் சந்தேகம் முக்கியம். கணக்கைக் காட்டுவது ஒரு அறச் செயல் என்றால், அது கலை மதிப்பீட்டுக்குள் புகுந்துவிடும் ஆபத்தும் உண்டு. குறைந்த செலவு என்பது மெல்ல மெல்ல ஒரு தகுதியாகிவிடுகிறது. நகலெடுத்த தாளில் கையால் மடித்த உறை என்றாலே உள்ளே உண்மை இருப்பதாகவும், வழவழப்பான உறைக்குள் பொய் இருப்பதாகவும் ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது. சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழுப்புத் தாள், அச்சுப்பிழை, தாமதமாக வரும் இதழ் இவற்றையே தரத்தின் அத்தாட்சியாக எண்ணிக்கொண்டு எத்தனை மோசமான கவிதைகளை மன்னித்திருக்கிறோம்! ஏழ்மை ஒரு நிலைமை. அதை அழகியலாக்கும்போது அது ஒரு வேஷம். வேஷத்துக்கும் செலவு உண்டு. அது கணக்கில் வராது.

கணக்கில் வராதவை என்று சொன்னேன். உறையில் இல்லாத பத்தி ஒன்று இருக்கிறது. ஸ்டூடியோக்காரர், தட்டு வெட்டியவர், அழுத்திய ஆலை, ரப்பர் ஸ்டாம்புக் கடை எல்லோருக்கும் கூலி எழுதியிருக்கிறது. மூன்று பேர் மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்தப் பாட்டைச் செய்ததற்குக் கூலி இல்லை. உறைகளை மடித்த கைகளுக்கு இல்லை. அவர்களைச் சாப்பிட வைத்த வேலையில்லாதோர் உதவித்தொகை இல்லை. கொடுக்கப்படாத வாடகை இல்லை. 542 பவுண்டில் தட்டு போடலாம் என்பது உண்மை; ஆனால் அது வாடகை கொடுக்காத, அரசாங்கத்திடம் வாராவாரம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளக்கூடிய, பிள்ளைகுட்டி இல்லாத ஒருவனுக்கான உண்மை. ஆலையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அந்தப் பட்டியலைப் பார்த்து 'என்னாலும் முடியும்' என்று சொல்லியிருப்பாளா? திறந்த கணக்கிலும் மூடிய பத்தி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கணக்கை எழுதுகிறவனுக்கு அது தெரிவதில்லை. ஏனென்றால் அந்தப் பத்தி அவனேதான்.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. பத்து வருஷங்களுக்கு முன் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறுபத்திரிகை நடத்தினோம். நான்கு இதழ்கள் வந்தன. இதழுக்கு 500 பிரதிகள் அச்சடித்தோம். பாதிக்கு மேல் கட்டுக்கட்டாக வீட்டில் கிடந்தன. இலக்கியத்தில் நேர்மை என்பதைப் பற்றி நான்கு இதழிலும் எழுதினோம். மூன்றில் எழுதியவன் நான். அச்சகத்துக்குப் போவதும் பில் கட்டுவதும் ஒரே நண்பன். நாங்கள் மாதம் ஒரு தொகை கொடுத்தோம், அது போதும் என்று நினைத்துக்கொண்டோம். போதவில்லை என்பது பத்திரிகை நின்று இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவன் மனைவியின் வளையல்கள் நகைக்கடனில் இருந்தன. எங்கள் வங்கியிலேயேதான். ஆனால் நான் வேலை பார்க்கும் கிளையில் இல்லை. பஸ் ஏறி இன்னொரு கிளைக்குப் போய் வைத்திருக்கிறான். என் கவுண்டருக்கு அந்தச் சீட்டு வந்துவிடக்கூடாது என்பதற்காக.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கலியே" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான்.

நாள் முழுக்க மற்றவர்கள் கணக்கைப் பைசா சுத்தமாகப் பார்ப்பவன் நான். என் பத்திரிகையின் கணக்கைக் கேட்பது எனக்குக் கொச்சையாகப் பட்டிருக்கிறது. கவிதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பேப்பர் விலையைப் பற்றி யார் பேசுவார்கள்? மேலே பெரிய கம்பெனிகளின் உறைகளைப் பற்றி எழுதினேனே, கர்ப்பக்கிருஹம், எண்ணெய் விலை என்று — அந்த உறை எங்கள் பத்திரிகைதான். கடைசிப் பக்கத்தில் ஆறு வரி போதும்: பேப்பர், அச்சுக்கூலி, தபால், வந்தது, போனது, துண்டு விழுந்தது. அந்த ஆறு வரியை அச்சிட்டிருந்தால் நான்காவது இதழ் வந்திருக்காது. வராமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அதில் என் நீண்ட கட்டுரை ஒன்று இருந்தது.

ஸ்க்ரிட்டி போலிட்டியின் கதையில் ஒரு பிற்பகுதி உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் கணக்கை மறைத்ததாகும். 1980-ன் தொடக்கத்தில் ஒரு கச்சேரிக்குப் பிறகு கிரீன் நிலைகுலைந்து விழுந்தார். நெஞ்சுவலி என்று பயந்தது பீதியின் தாக்குதல். வேல்ஸ் தேசத்துக்குத் திரும்பிப் போய் மாதக்கணக்கில் இருந்தார். அங்கே பக்கம் பக்கமாக எழுதித் தன் நண்பர்களோடு வாதிட்டார். வாதத்தின் சாரம் இது: ஓரத்தில் நின்று சுத்தமாக இருக்கிறோம் என்பது ஒரு மயக்கம், நாம் ஏற்கனவே ஒத்துக்கொண்டவர்களுக்கே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கிறோம், ஜனங்கள் கேட்பது பாப் பாட்டு, அதற்குள்தான் போக வேண்டும். 1981-ல் 'த ஸ்வீட்டஸ்ட் கேர்ள்' வந்தது. 1982-ல் ரஃப் ட்ரேட் வெளியிட்ட முதல் ஆல்பம். பிறகு வர்ஜின் கம்பெனி. 1984-க்குள் பழைய நண்பர்கள் இருவரும் குழுவில் இல்லை. நியூயார்க், ஆரிஃப் மார்டின் என்ற புகழ்பெற்ற தயாரிப்பாளர், விலையுயர்ந்த மின் இயந்திரங்கள். 1985-ல் 'க்யூபிட் அண்ட் சைக்கி 85' பிரிட்டனில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. அதிலிருந்த ஒரு பாட்டை மறு வருஷமே மைல்ஸ் டேவிஸ் தன் தட்டில் வாசித்தார்.

துரோகம் என்றார்கள் ஒரு சாரார். வளர்ச்சி என்றார்கள் இன்னொரு சாரார். இரண்டு சொற்களும் நமக்கு நன்றாகப் பழக்கமானவை. சிறுபத்திரிகையிலிருந்து சினிமாவுக்கோ பெரிய பத்திரிகைக்கோ போன ஒவ்வொருவரையும் பற்றி இதே இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு பந்தாடியிருக்கிறோம். எனக்கு இரண்டுமே இங்கே பொருந்துவதாகத் தோன்றவில்லை. முதல் தட்டு நமக்குக் கொடுத்த வாக்கு என்ன? ஏழையாகவே இருப்பேன் என்பதா? இல்லை. மறைக்கமாட்டேன் என்பது. ஏழையாக இருப்பதை வாக்குறுதியாக்கியவர்கள் கேட்டவர்கள், பாடியவர்கள் இல்லை. ஆகவே பணம் நிறையச் செலவழித்தது மீறல் ஆகாது. 'க்யூபிட் அண்ட் சைக்கி'யின் பாட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. முதல் தட்டைவிட அவற்றை நான் அதிகம் தடவை கேட்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த உறையில் செலவு விவரம் எதுவும் இல்லை. ஸ்டூடியோவுக்கு எத்தனை ஆயிரம் டாலர், இயந்திரத்துக்கு எவ்வளவு, கம்பெனிக்கு எவ்வளவு, எத்தனை தட்டு விற்றால் கடன் அடையும் — ஒன்றுமில்லை. கணக்கு நின்றுபோன இடம் அது. 542 பவுண்டைக் காட்டுவது சுலபம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் பெருமையும் உண்டு. பெரிய தொகையைக் காட்டுவதற்குத்தான் நேர்மை தேவைப்படுகிறது. அப்போதும் காட்டியிருந்தால், பாப் பாட்டுக்குள் போக வேண்டும் என்ற கிரீனின் வாதம் நிரூபணமாகியிருக்கும்: உள்ளே போய்ப் பார்த்தேன், உள்ளே இவ்வளவு ஆகிறது, இதோ.

கிரீனை மட்டும் குறை சொல்ல நான் யார்? கம்பெனியின் ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்திருக்காது என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் குறிக்க வேண்டும். 2005-ல் அந்தப் பழைய பதிவுகளையெல்லாம் தொகுத்து 'எர்லி' என்ற பெயரில் ரஃப் ட்ரேட் வெளியிட்டது. தயங்கிய டிரம்ஸ், பிராண்டிய கிதார் எல்லாம் அப்படியே. கேட்கிறவன் தன் முடிவுக்குத் தானே வரலாம்.

முதல் தட்டைப் போடுவது எப்படி என்று அந்த உறை சொல்லிக்கொடுத்தது. அதைப் பார்த்துப் பலர் போட்டார்கள். போட்டவை எல்லாம் நல்ல தட்டுகள் இல்லை. அது உறையின் பொறுப்பும் இல்லை. எனக்கு அந்த உறை சொல்லிக்கொடுத்தது இன்னும் சின்ன விஷயம். கூட இருப்பவனைப் பார்த்து எவ்வளவு ஆயிற்று என்று கேட்பது கொச்சையான கேள்வி இல்லை.

போன வருஷம் நண்பனின் வளையல்கள் மீட்கப்பட்டுவிட்டன. நான்கு பேரும் பங்கு போட்டுக் கட்டினோம். வட்டியைக் கணக்குப் போட்டவன் நான். யாருடைய பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாளை எந்தப் பத்திரிகையிலும் அச்சிடப்போவதில்லை. ஆனால் யாராவது கேட்டால் காட்டுவேன்.